எஞ்சின் கொதித்து நின்ற பிறகு உள்ளே என்ன பார்த்தீர்கள்? காசிமேடு முதல் எண்ணூர் வரை

காசிமேடு லாஞ்சுக்காரர்

கடலில் எஞ்சின் கொதித்து நின்ற கதை நம்மில் பலரிடம் இருக்கிறது. எப்படிக் கயிறு கட்டி இழுத்து வந்தோம் என்பதை எல்லோரும் சுவையாகச் சொல்கிறோம். கரை சேர்ந்த பிறகு எஞ்சினுக்குள் என்ன பார்த்தோம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பாதிதான். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். லாஞ்சு (விசைப்படகு) துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். கடல்நீர் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகள் அத்தனை நாளும் ஒரே பக்கம் மடிந்து அழுந்திக் கிடப்பதால் விறைத்துப் போகின்றன. அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிறு சிப்பி) பிடித்துக்கொள்கிறது. தடை முடிந்து முதல் தங்குகடலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பது) போய்த் திரும்பும் வழியில், எண்ணூருக்கு நேரே வந்தபோது, படகின் பக்கவாட்டில் கடல்நீர் கொட்டும் குழாய் வற்றியிருப்பதை எங்கள் டிரைவர்தான் கண்டார். வெப்பமானி முள் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. வேகத்தைக் குறைத்து, வலைக்காரர்களை எச்சரித்துவிட்டு எஞ்சினை அணைத்தார். தெரிந்தவர் லாஞ்சு ஒன்று கயிறு கொடுத்தது.

துறைமுகத்துக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரே பேச்சு. "ஆறிவிட்டதே, ஒருமுறை செல்ஃப் அடித்துப் பாருங்கள்" என்றார்கள். செல்ஃப் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். ஃபிட்டர் ஒப்பவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் ஆறு நாசில்களையும் கழற்றினார். பிறகு ஃப்ளைவீலில் (எஞ்சினின் சுழல்சக்கரம்) கம்பி கொடுத்துக் கையால் மெல்லச் சுற்றினார். மூன்றாவது சிலிண்டரின் நாசில் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காற்றைப் பிஸ்டன் அழுத்திவிடும், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அது வளைந்தால் பிறகு லைனர், பேரிங், கிராங்க் என்று செலவு படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும்.

அடுத்ததாக ஆயில் கோலை உருவிப் பார்த்தோம். ஆயில் பால் ஊற்றிய காபியின் நிறத்தில் இருந்தது, அளவும் கோட்டுக்கு மேலே நின்றது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கியபோது, அதன் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு நடுவில் கருகி அறுந்திருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பில் எஃகு அளவுகோலை நெடுக்காகவும் குறுக்காகவும், மூலைக்கு மூலையாகவும் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தாளை நுழைத்துப் பார்த்தார்கள். அனுமதித்த அளவு பெரும்பாலும் 0.1 மி.மீ.க்குள்தான் இருக்கும், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் ஹெட்டில் 0.15 தாள் தாராளமாகப் போனது. லேத்தில் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) போடுவதற்கு முன்பே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தார்கள். வால்வுகளுக்கு இடையில் கோடு எதுவும் தெரியவில்லை. அங்கே கோடு தெரிந்திருந்தால் ஃபேஸிங் கூலி வீண்தான்.

இன்னொன்று. இம்பெல்லரில் இரண்டு இறக்கைகளைக் காணோம். புது இம்பெல்லர் போட்டால் போதும் என்று பையன்கள் மூடப் பார்த்தார்கள். காணாமல்போன ரப்பர் எங்கே என்று கேட்டு, எஞ்சினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரைக் கடல்நீர் குளிர்விக்கும் வெப்பமாற்றியின் மூடியைத் திறக்க வைத்தோம். இரண்டு துண்டுகளும் குழாய்களின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் சரிசெய்திருந்தால் அடுத்த வாரமே மறுபடியும் கொதித்திருக்கும்.

கடல் எஞ்சின் ஃபிட்டர், ராயபுரம்

அண்ணா சொன்னது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டுக் கொதித்த எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஹெட்டை இறக்க வேண்டாம். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தச் சுமையில் ஓடியது என்ற மூன்றையும்தான் நான் முதலில் கேட்பேன். வலை இழுக்கும்போது முள் சிவப்பில் கால் மணி நேரம் நின்றது என்றால் ஒரு கணக்கு. துறைமுக வாயிலில் மெதுவாக வரும்போது ஏறியது, உடனே அணைத்துவிட்டோம் என்றால் வேறு கணக்கு.

வெப்பமானியை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அதன் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் அது வெறும் காற்றிலோ நீராவியிலோ நிற்கிறது, முள் இறங்கிவிடுகிறது. "ஏறிய முள் தானாகவே இறங்கிவிட்டது, அதனால் ஓட்டிக்கொண்டே வந்தோம்" என்று யாராவது சொன்னால் அந்த எஞ்சினைத்தான் நான் மிகவும் சந்தேகப்படுவேன்.

ஆறும்வரை தண்ணீர்த் தொட்டி மூடியைத் தொடக்கூடாது. சூடான ஹெட்டின்மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. கொதித்ததில் வெடிக்காத ஹெட் அந்த வாளியில் வெடித்துவிடும்.

ஆறிய பிறகு என் வழக்கம் இதுதான். நாசில்களைக் கழற்றிக் கையால் சுற்றுவேன். எங்காவது இறுகிப் பிடிக்கிறதா என்று கை சொல்லும். அலுமினிய பிஸ்டன் லைனரைவிட அதிகமாக விரிவதால், கொதித்த எஞ்சினில் பிஸ்டன் லைனரில் உரசிக் கோடு போட்டிருக்கலாம். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்ப்பேன். எல்லாம் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால் அது பழைய தேய்மானமாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று பொருள். நல்ல தண்ணீர்ப் பகுதியில் கைப்பம்பால் ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றி விட்டுவைப்பேன். முள் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. வெளியே ஒழுக்கு இல்லை என்றால் உள்ளேதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்டார்ட் செய்வேன். ஓடும்போது தண்ணீர்த் தொட்டியில் விடாமல் குமிழி வருகிறதா, பிரீதரில் (ஆயில் அறையின் காற்றுக்குழாய்) புகை தள்ளுகிறதா என்று பார்ப்பேன். ஜெட்டியில் இருபுறமும் கயிறு கட்டி, கியர் போட்டு, சுமையோடு ஓட்டியாக வேண்டும். சும்மா ஐடிலில் ஓடுவதைப் பார்த்துத் திருப்தி அடைவதில் பயன் இல்லை, பழுதான கேஸ்கெட்டும் ஐடிலில் அடக்கமாகத்தான் இருக்கும். ஆயில் நிறம் மாறாவிட்டாலும் மாற்றுங்கள், அளவுக்கு மீறிச் சூடான ஆயிலுக்குப் பிசுபிசுப்பு போய்விடும். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பளபளக்கும் துகள் இருந்தால் பேரிங் பேசத் தொடங்கிவிட்டது.

ஹெட் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசிவு நிற்கும் என்று சொல்லும் ஆளை எஞ்சின் அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

எண்ணூர் ஃபைபர் படகு

நாங்கள் முகத்துவாரத்திலும் கரைக்கடலிலும் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) வைத்து ஓடுகிறோம். எங்களுக்கு வெப்பமானி முள் கிடையாது. பின்னால் ஊசிபோல் பீய்ச்சும் தண்ணீர்தான் எங்கள் முள். அது நின்றால் மோட்டார் மூச்சுமுட்டுகிறது. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு இருக்கிறது. தண்ணீர் குறைந்த இடத்தில் காற்றாடி (ப்ரொப்பல்லர்) சேற்றைக் கிளறினால் அந்தச் சாம்பல் பம்புக்குள் போய் இம்பெல்லரையும் அதன் கூட்டையும் அரைத்துவிடுகிறது. மழை முடிந்தால் பிளாஸ்டிக் பை வந்து உறிஞ்சும் வாயை அடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பரவிய எண்ணெயில் படகும் வலையும் கறுத்ததைச் சொல்லவே வேண்டாம். உறிஞ்சும் சல்லடையைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தோம்.

கொதித்து நின்ற மோட்டாரில் நான் முதலில் கழற்றுவது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் வெள்ளி நிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகிவந்த அலுமினியம். அதைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை, பிரிக்க வேண்டியதுதான். மூடியைத் திறந்து சிலிண்டர் ஹெட் பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்து நிறம் மாறியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். என் மோட்டாரில் பொட்டு இல்லை, இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒத்திருந்தது. தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) எடுத்தபோதுதான் தெரிந்தது, உப்புக் கட்டி அதைத் திறக்கவிடாமல் பிடித்திருந்தது. அதைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் சூடாக்கினேன். கொதிக்கும்வரை அசையவே இல்லை. இப்போது கரைக்கு வந்ததும் குடத்துத் தண்ணீரில் ஓட்டிக் கழுவாமல் மோட்டாரைத் தூக்குவதில்லை.

திருவொற்றியூர் குப்பம், படகுக் கணக்கு பார்ப்பவர்

படகு என் கணவருடையது, கணக்கு என்னுடையது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பங்கு பிரிப்போம். எஞ்சின் பழுது மட்டும் எப்போதும் எங்கள் தலையில்தான். அதனால் ஹெட்டை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஆதாரம் கேட்பேன். தவறாக எண்ண வேண்டாம், தம்பி.

எங்கள் லாஞ்சு கொதித்தபோது வந்தவர் எதையும் அளக்காமல் ஹெட், லைனர், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை சொன்னார். கம்ப்ரஷன் எவ்வளவு, எழுதித் தாருங்கள் என்றேன். கேஜ் கொண்டு வரவில்லை என்றார். வேறு ஆளை அழைத்தோம். ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருந்தன, தண்ணீர்ப் பகுதியில் அழுத்தம் இறங்கியது வெளி ஒழுக்கால்தான். பழுது ஒரு ஹோஸ் குழாயில், எஞ்சினின் பின்பக்கம் கிளிப்புக்கு அடியில் கீறியிருந்தது. குழாய், தண்ணீர், ஆயில், ஃபில்டர், அவ்வளவுதான் மாற்றினோம். பழைய பொருளைக் கையில் கொடுக்காமல் புதிய பொருளுக்கு நான் பணம் தருவதில்லை. லிங்கிச் செட்டித் தெருவில் ஓ-ரிங் வாங்கினாலும் பழையதைக் கொண்டுபோய் அளவு பார்த்துத்தான் வாங்குகிறோம்.

அதற்குப் பிறகு டிரைவரிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். கடலுக்குப் போகும்முன் தண்ணீர் மட்டம், ஆயில் மட்டம், ஓடும்போது வெப்பம். முதலில் சிரித்தார், இப்போது எழுதுகிறார். தண்ணீர் மட்டம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அதை நோட்டுதான் காட்டும், ஞாபகம் காட்டாது.

ராயபுரம் ஃபிட்டர்

அக்கா, தவறாக எண்ண என்ன இருக்கிறது! அளக்காமல் தொகை சொல்பவரை நீங்கள் திருப்பி அனுப்பியதுதான் சரி. அந்த நோட்டில் இன்னொரு வரி சேருங்கள், வெப்பமாற்றியில் உள்ள துத்தநாகத் துண்டை எப்போது மாற்றினீர்கள் என்று. உப்புநீர் முதலில் அதைத் தின்னும். அது தீர்ந்துபோனால் குழாய்களைத் தின்னத் தொடங்கும். பிறகு கடல்நீர் நல்ல தண்ணீரில் கலந்து, மட்டம் இறங்குவதற்குப் பதில் ஏறலாம். மட்டம் ஏறுவதையும் பழுதாகவே எழுதுங்கள்.

பழவேற்காட்டுக்காரன்

எங்கள் படகில் காற்றில் குளிரும் டீசல் எஞ்சின், முனையில் காற்றாடி வைத்த நீண்ட தண்டு. தண்ணீரும் இல்லை, கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் போகும் பயமும் இல்லை. ஆனால் சிலிண்டரைச் சுற்றிச் சூட்டைப் போக்கும் இறக்கைத் தகடுகளுக்கு இடையில் உப்பு, டீசல் பிசுக்கு, மீன் செதில் எல்லாம் சேர்ந்து அடைத்தால் காற்று போகாது. எனக்கு முதலில் தெரிந்தது பெயின்ட் கருகும் வாடை, பிறகு இழுவை குறைந்தது. ஆறிய பிறகு கையால் சுற்றினேன், வழக்கமாகக் கையை எதிர்க்கும் இடத்தில் வழுவழுவென்று போனது. கழற்றினால் பிஸ்டன் ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. தகடுகளைச் சுத்தம் செய்ய மூங்கில் குச்சி போதும், இரும்புக் கம்பி வேண்டாம்.

காசிமேடு, பழைய எஞ்சின் வாங்க நினைப்பவர்

ஒரு கேள்வி மட்டும். விற்பவர் நன்றாக ஓடுகிறது என்கிறார், ஓட்டியும் காட்டினார். முன்பு கொதித்த எஞ்சினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராயபுரம் ஃபிட்டர்

ஓட்டிக் காட்டுவதற்கு முன்பே போய் நில்லுங்கள். நீங்கள் வரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேண்டும். மற்ற இடமெல்லாம் பழைய பெயின்டாக இருந்து ஹெட் மட்டும் புதுப் பெயின்டில் இருந்தால் காரணம் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியில் ஆயில் பிசுக்கு இருக்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய கூழ் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஹெட்டை ஃபேஸிங் போட்டிருந்தால் அதுவே குறை ஆகாது. எத்தனை முறை போட்டார்கள் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு முறையும் தடிமன் குறைகிறது, நாசிலின் முனை பிஸ்டனை நெருங்குகிறது, வால்வும் நெருங்குகிறது. பேரம் பேசும்முன் ஹெட்டைக் கழற்றித் தடிமனை அளந்து கையேட்டோடு ஒப்பிட விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். கழற்றி மாட்டும் கூலியையும் புது கேஸ்கெட்டையும் நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு எஞ்சின் பாருங்கள்.