கேட்டால் பதில் சொல்கிறான், புத்தகத்தை எடுத்தால் ஓடுகிறான்

எட்டு வயதுப் பையன். கிரகணம் எப்படி வருகிறது, டைனோசர் ஏன் அழிந்தது என்று அவன் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஆனால் வாசிக்க உட்கார வைத்தால் உடனே தாகம், பாத்ரூம், பென்சில் முனை உடைந்துபோச்சு. கணக்கும் அப்படித்தான், வாயால் கேட்டால் டக்கென்று சொல்கிறான், தாளில் போடச் சொன்னால் அழுகை. பள்ளியில் 'புத்திசாலிதான், சோம்பேறி' என்கிறார்கள். தினமும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். விட்டுப் பிடிக்கலாமா, கண்டிப்பாக இருப்பதா?

குட்டிப்புலி_அப்பா:
கண்டிப்புதான். எங்கள் மகளும் இதே ரகம், போனைப் பிடுங்கியதும் வழிக்கு வந்தாள். செல்லம் கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

சாக்பீஸ்:
சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. போனைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். அர்த்தமே இல்லாத சொற்கள் சிலவற்றை எழுதிக் கொடுங்கள், 'கொபலி', 'தமிரு' மாதிரி. கெட்டிக்காரப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பிடித்து, மீதியை ஊகித்தே இரண்டாம் வகுப்பு வரை ஒப்பேற்றிவிடுவார்கள், நமக்கும் வாசிக்கிற மாதிரியே தெரியும். புதுச் சொற்கள் கூடும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள், அப்போது தப்பிக்க வழி தாகமும் பாத்ரூமும்தான். இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது, எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அதில் திணறினால் டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் இருக்கிற தனிச் சிரமமா என்று முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் குடும்பத்தில் வருவது, சித்தப்பா மாமா யாருக்காவது சின்ன வயதில் வாசிப்பு தகராறாக இருந்ததா என்று விசாரியுங்கள். கண்ணையும் பாருங்கள். தூரத்து போர்டை நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் கிட்டத்தில் படிப்பது சிரமமாக இருக்கலாம்.

முக்கால் மணி நேரம் வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம், இருவரும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். தடுக்கினால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள், 'நேற்றுதானே சொன்னேன்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

மீதி_பூஜ்ஜியம்:
கணக்குக்கு என் பங்கு. பக்கத்தில் இருபது கணக்கு இருந்தால் கடைசி நான்கை, கஷ்டமானதை, முதலில் போடச் சொல்லுங்கள். சரியாக வந்தால் மீதியை விட்டுவிடுங்கள், தெரிந்ததையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னால் யாருக்குத்தான் கடுப்பாகாது. அப்புறம் அவன் 8+7 எப்படிப் போடுகிறான் என்று கவனியுங்கள். 7-ல் இரண்டை எடுத்து 8-ஐப் பத்தாக்கி, மீதி ஐந்தைச் சேர்த்தால் கவலையே இல்லை. ஒவ்வொரு முறையும் விரலில் ஒன்றிலிருந்து எண்ணினால் அடிப்படை பதியவில்லை, அதற்குத் தனியாக உட்கார வேண்டும். வாயால் சரியாக வருவது தாளில் வரவில்லை என்றால் சிக்கல் எழுதுவதிலும் இருக்கலாம். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிப் பாருங்கள், அழுகை நிற்கிறதா என்று.

கேள்வி கேட்டவர்:
'தமிரு' என்று எழுதிக் கொடுத்தேன், 'தமிழ்' என்றான். 'கொபலி'க்கு 'கொலுசு'. நாலைந்து சொல் கொடுத்தும் ஒன்றும் தேறவில்லை. இவன் அப்பாவுக்கும் பத்து வயது வரை வாசிப்பு வரவில்லையாம், மாமியார் இப்போதுதான் சொல்கிறார்.

சாக்பீஸ்:
அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள். இதையெல்லாம் அப்படியே எழுதிப் பள்ளிக்குக் கொடுத்துப் பரிசோதனை கேளுங்கள், இரண்டு மொழியில் படிக்கிறான் என்றால் இரண்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை டைனோசர் புத்தகத்தை நீங்களே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், அதை நிறுத்த வேண்டாம்.