தேத்தாங்கொட்டை உரசிய தண்ணியைக் காய்ச்ச வேண்டாமாம்!

கிணத்தடி:
"தேத்தாங்கொட்டை உரசிய தண்ணீர் சுத்தம், காய்ச்சவே வேண்டாம்"னு சித்தர்பிரியன் நேத்து எழுதினதுக்கு இத்தனை லைக்கா? வயித்துப்போக்குக்கும் லைக் போடுவீங்களோ? கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்கிற தேத்தா மரத்து விதை அது, செய்யுறது ஒண்ணுதான். சேத்துத் துகள் எல்லாம் ஒரே மின்னூட்டத்தால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்குது. கொட்டையோட பசை அதுகளைக் கோத்துக் கட்டியாக்குது, கனம் ஏறி அடியில தங்குது. அதோட தங்கின கிருமி சாகல.

சித்தர்பிரியன்:
கிருமியும் சேத்தோட ஒட்டிக்கிட்டுத்தானே கீழ போகுது? தெளிஞ்சதை மொண்டு குடிச்சா என்ன கேடு? கலித்தொகையிலேயே இருக்கு ஐயா இந்தக் கொட்டை. அந்தக் காலத்து ஆளெல்லாம் காலராவுலயா போனாங்க?

கிணத்தடி:
கலித்தொகை 142ல கலங்கிய நீர் தெளிஞ்சதுன்னுதான் இருக்கு. கிருமி செத்ததுன்னு இல்ல. ஒட்டிக்கிட்டுப் போறது ஒரு பங்கு, மிச்சம் மேலயே இருக்கும். சொம்பை அடிவரைக்கும் விட்டா தங்கினதும் எழும்பும். பானையோட உள்சுவர்ல உரசி, தண்ணி ஊத்தி, ராத்திரி முழுக்க ஆட்டாம வைக்கணும். காலையில மேல்தண்ணியை மட்டும் இறுத்து, துணியில வடிச்சு, தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்க விடணும். கொட்டை அதிகமானா துகள் மறுபடி பிரிஞ்சு கலங்கும். மிஞ்சின பசை கிருமிக்கே தீனி.

நல்லதண்ணி நாச்சியார்:
முதல்ல அது "தேற்றாங்கொட்டை". தேற்றுவதால் தேற்றா. தலைப்பே தப்பு, இதுல அறிவியல் வேற.

கிணத்தடி:
ஊர்ல தேத்தாங்கொட்டைன்னுதான் சொல்றாங்க. நாட்டுமருந்துக் கடையில "தேற்றா"ன்னு கேட்டா உங்களை மேலும் கீழும் பாப்பான்.

பம்புஹவுஸ்:
கொட்டையும் வேணும், குளோரினும் வேணும். கலங்கல்ல குளோரின் போட்டா பாதி சேத்துக்கே செலவாகும், துகளுக்குள்ள ஒளிஞ்ச கிருமியைத் தொடாது. தெளிய வச்ச பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டக் கூடாது. வாளியில குழைச்சு, சுண்ணாம்பு அடியில தங்க 10 நிமிஷம் விட்டு, மேல்நீரை மட்டும் ஊத்துங்க. ஒரு மணி நேரம் காத்திருங்க. மூட்டை திறந்து கிடந்த பவுடர்ல குளோரின் இருக்காது, வெறும் சுண்ணாம்புதான்.

சித்தர்பிரியன்:
பாத்தீங்களா, கொட்டை வேணும்னு அவரே சொல்லிட்டார்!

கிணத்தடி:
"தெளிய வச்ச பிறகு"ன்னு எழுதியிருக்கார். கண்ணாடி போட்டுப் படிங்க.

ரஹீம்:
"சுத்தம்"னு எதைச் சொல்றீங்கன்னு முடிவு பண்ணிட்டுச் சண்டை போடலாமே. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள்ல ஒண்ணான ஷாஃபி மத்ஹபுல இரண்டு குல்லத்து, அதாவது ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணி இருந்தா, நஜீஸ் (அசுத்தம்) விழுந்தாலும் நிறம், மணம், சுவை மாறாத வரைக்கும் அது ஒளுவுக்கு, அதாவது தொழுகைக்கு முன்னால கை கால் முகம் கழுவ ஆகும். அதனால குடிக்கலாம்னு ஆகாது. வீட்டைச் சுத்தி பண்ணுற புண்ணியாகவாசனச் சடங்குக் கலசத்துல மாவிலை, மஞ்சள், தர்ப்பை போட்டுத் தெளிக்கிறதும் கிருமி கொல்ல இல்ல. மூணும் மூணு கணக்கு.

கிணத்தடி:
அதெல்லாம் இருக்கட்டும் பாய். அடியில தங்கினது செத்ததா இல்லையா?

சித்தர்பிரியன்:
போன மாசம் செம்புக் குடத்துக்கும் இப்படித்தான் குதிச்சீங்க. 16 மணி நேரத்துல பாக்டீரியா சாகுதுன்னு ஆய்வைக் காட்டினதும் ஆளையே காணோம்.

கிணத்தடி:
ஆய்வு 16 மணி நேரம். நீங்க எழுதினது "ஒரு மணி நேரம்". அதுலயும் எலுமிச்சை பிழிஞ்சு வைக்கச் சொன்னீங்க. புளிப்புல செம்பு கரைஞ்சு குமட்டும்னு யார் சொன்னது? நான்தான். மறுபடி கேக்குறேன், தங்கினது செத்ததா?

சித்தர்பிரியன்:
தங்கினதை யாரு ஐயா குடிக்கிறா!

கிணத்தடி:
மேல மிதக்கிற மிச்சத்தைத்தான் நீங்க குடிக்கிறீங்க.

நல்லதண்ணி நாச்சியார்:
தலைப்பு இன்னும் மாறல. தேற்றா. வல்லின ற்.