மறு: 'சால்டர்டு ரேம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், சில மடிக்கணினிகளில் கழற்ற முடியாதபடி தாய்ப்பலகையில் பற்றவைத்து வருகிறது. அந்தச் 'சால்டர்டு ரேமுக்கு' நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த 'நிலை நினைவகம்' எனக்குச் சரியாகப் படவில்லை. நிலைவட்டு (ஹார்ட் டிஸ்க்) என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதுவோ மின்சாரம் போனாலும் தரவை இழக்காதது. ரேம் நேர் எதிர், அணைத்தால் எல்லாம் போய்விடும். அதற்கு 'நிலை' என்று பெயர் வைத்தால் மாணவர்கள் குழம்பித்தான் போவார்கள்.

எனக்கு இந்தச் சொல் கடையில் தேவைப்படுகிறது. மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கூட வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் குடியாத்தத்துக்காரர் ஒருவரோடு வேலூரில் ஒரு கடைக்குப் போனேன். அவர் மகள் காட்பாடியில் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். 8 ஜிபி ரேம் உள்ள ஒன்றைக் காட்டி, "இப்போதைக்கு இது போதும் சார், அப்புறம் வேணும்னா ரேம் போட்டுக்கலாம்" என்றார் விற்பனையாளர். அட்டைப்பெட்டியிலோ 'எல்பிடிடிஆர்5' என்று அச்சிட்டிருந்தது. 'எல்பி' என்றால் 'லோ பவர்', மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேம் வகை. அந்த வகைச் சில்லுகள் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து (சால்டர் செய்து) வரும். "கழட்டவும் முடியாதுங்க, கூட்டவும் முடியாதுங்க" என்று அந்த அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. பெட்டியின் மேல் ஒரு தமிழ்ச்சொல் இருந்திருந்தால் அவரே படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

தயாரிப்பாளரிடமே கூடுதல் ரேம் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை முழுக்க இதில்தான் இருக்கிறது. பற்றவைத்தது என்றால், அவர்கள் கேட்கும் விலை கசந்தாலும் முதல் நாளே 16 ஜிபியாக வாங்கிவிட வேண்டும். 2020-ல் வந்த எம்1 தொடங்கி ஆப்பிள் மடிக்கணினிகளில் ரேம், செயலியோடு ஒரே பொதியில் இருக்கிறது. வேறு வழியே கிடையாது. தாய்ப்பலகையில் உள்ள ஸ்லாட்டில் செருகுவது என்றால் கணக்கு வேறு. அப்படிச் செருகும் சிறு ரேம் பலகைகளுக்குச் 'சோடிம்' என்று பெயர், அவை பொதுத் தரத்தில் வருபவை. தயாரிப்பாளர் தன் பெயரை ஒட்டித் தருவதிலும் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் சில்லுகள்தான் இருக்கும். வெளியே விலை விசாரித்துத் தாராளமாக வாங்கலாம். ரேம் தலைமுறை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று மட்டும் பார்க்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

சேமிப்பகத்துக்கு இவ்வளவு கவலை வேண்டாம். ரேமைப் பற்றவைத்த பல விண்டோஸ் மடிக்கணினிகளில்கூட எஸ்எஸ்டி (சில்லுகளால் ஆன சேமிப்பகம்) கழற்றி மாற்றக்கூடிய 'எம்.2' வகை ஸ்லாட்டில்தான் இருக்கிறது. நீளம் 42 மி.மீ.-ஆ (2242) 80 மி.மீ.-ஆ (2280) என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'பற்றவைத்த நினைவகம்', 'செருகு நினைவகம்' என்ற இணையை முன்மொழிகிறேன். பற்றவைப்பு என்றால் வெல்டிங் ஆயிற்றே என்று ராணிப்பேட்டை அண்ணன் கேட்டிருந்தார். பாய்லர் துணைக்கருவி ஆலை இருக்கும் ஊர், கேட்கத்தான் செய்வார். ஆனால் மடிக்கணினித் தாய்ப்பலகையில் யாரும் வெல்டிங் வைப்பதில்லை, எனவே குழப்பம் வராது. சால்டருக்குப் 'பற்றாசு' துல்லியமான சொல்தான், நூலில் எழுதலாம். கடையில் அதைச் சொன்னால் திருப்பிக் கேட்பார்கள். 'பதித்த நினைவகம்' அழகாக இருக்கிறது, ஆனால் தரவைப் பதிவு செய்து வைத்தது என்று படிக்க இடமுண்டு.

'எல்பி நினைவகம்' என்று வகையை வைத்தே அழைக்கலாம் என்ற யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் 'எல்பிகேம்2' என்ற கழற்றக்கூடிய ரேம் பலகை வந்துவிட்டது. எல்பிடிடிஆர்5எக்ஸ் சில்லுகள்தான், ஆனால் திருகாணியைக் கழற்றினால் கையோடு வரும். பொருத்தியிருக்கும் விதத்தைச் சொல்லும் சொல்தான் நாளைக்கும் நிற்கும்.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' (வடிவ வகை) என்ற வரியைப் பாருங்கள். செருகியிருந்தால் 'சோடிம்' என்று வரும். பற்றவைத்திருந்தால் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வரும். இதைச் 'சில்லு வரிசை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த இடத்திலும் 'பற்றவைத்தது' என்றே போடலாம்.

ஒன்று பாக்கி. சில மாடல்களில் 8 ஜிபியைப் பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டும் தருகிறார்கள். இவற்றுக்குத் தனிச்சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன், ஆனால் ஸ்லாட்டுக்கு ஒரு சொல் வேண்டும். உலாவிகளில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளக்-இன்னுக்குச் 'செருகி' என்று எழுதுவோர் இருப்பதால் அது ஆகாது. 'செருகுவாய்' சரிவருமா?

அன்புடன்,
வேலூரிலிருந்து