மழைக்காலத்தில் இன்கியூபேட்டரின் ஈரப்பதம் குறையவில்லை: ஆலோசனை தேவை

திருகோணமலை நிலாவெளியில், கடலோரமாக உள்ள எங்கள் வீட்டில், 56 முட்டைகள் கொள்ளும், மின்விசிறி பொருத்திய இன்கியூபேட்டரில் ஊர்க்கோழி முட்டைகளை அடைவைக்கிறோம். கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து, முழுமையாக வளர்ந்த குஞ்சுகள் 20ஆம், 21ஆம் நாட்களில் கோதை உடைக்க முன்னரே இறந்துவிடுகின்றன. திறந்து பார்த்தால் உடல் ஈரமாக வீங்கியிருக்கிறது, முட்டைக்குள் காற்று நிற்கும் இடமான காற்றறையும் மிகச் சிறிதாக உள்ளது.

வெப்பநிலை 37.5 பாகை செல்சியஸ் என்பதை வேறொரு வெப்பமானியாலும் சரிபார்த்துள்ளேன். ஏழாம் நாள் வெளிச்சம் பிடித்துப் பார்க்கையில் பெரும்பாலானவற்றில் கரு நன்றாகத் தெரிவதால், முட்டைகளில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. தண்ணீர்த் தட்டை அகற்றி, காற்றுத் துளைகளை முழுவதும் திறந்துவிட்ட பின்னரும் ஈரப்பதம் 60 சதவீதத்திற்குக் கீழே இறங்கவில்லை. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இதே இயந்திரத்தில் 50 சதவீதத்தில் நல்ல பொரிப்புக் கிடைத்தது. இத்தனை உயிர்கள் கோதுக்குள்ளேயே போவதைப் பொறுக்க முடியவில்லை.

மாரியில் முதல் 18 நாட்களுக்கு ஈரப்பதத்தை 50 சதவீத அளவில் வைத்திருக்க, கடலோரத்தில் கோழி வளர்ப்பவர்கள் எந்த வழியைக் கையாளுகிறீர்கள்?