கமோர்ட்டா வகைக் கார்வெட்: கட்டும்போது இரைச்சல் எங்கே ஒளிந்துகொள்கிறது?

கமோர்ட்டா, கட்மட், கில்தான், கவரத்தி நான்கும் இந்தியக் கடற்படையின் கார்வெட்கள், அதாவது சிறிய போர்க்கப்பல்கள். கொல்கத்தா கார்டன் ரீச் கப்பல் தளத்தில் கட்டியவை. 109 மீட்டர் நீளம், எடை சுமார் 3,300 டன். வேலை நீர்மூழ்கியைத் தேடுவது. சோனார் என்பது கப்பலின் காது. கப்பலே இரைந்தால் காது அடைத்துப்போகும். அதனால்தான் கியர்பாக்ஸைத் தரையில் நேரே வைக்காமல், ரப்பர் மவுன்ட் மேல் நிற்கும் ராஃப்ட் சட்டத்தில் ஏற்றுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் காரியத்தைக் கெடுப்பது ஒரு கிளாம்ப்தான். இன்ஜினிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய்க்கு, அதிர்வை வாங்கிக்கொள்ளும் மடிப்பு இணைப்பான பெல்லோஸ் போட்டிருப்பார்கள். பெல்லோஸுக்கு முன்னாலேயே குழாயைச் சுவரோடு இறுக்கிவிட்டால், அதிர்வு ரப்பரைச் சுற்றிக்கொண்டு உடற்கூட்டுக்குள் போய்விடும். ராஃப்டுக்கு அடியில் விழுந்து கிடக்கும் ஒரு போல்ட், ஒரு வெல்டிங் ராடு துண்டு, ரப்பர் மேல் அடித்த பெயின்ட்டும்கூட இதே வேலையைச் செய்யும். டார்ச் அடித்து, இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டுச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது தட்டினால் அங்கே கோளாறு.

*

இதோடு ஷாஃப்ட் அலைன்மென்டையும் சேர்க்க வேண்டும், அதாவது புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. நான்கு டீசல் இன்ஜின், ஒவ்வொன்றும் 3,888 கிலோவாட், இரண்டு ஷாஃப்ட். கரையில் கப்பலைக் கட்டும் சரிவுமேடையான ஸ்லிப்வேயில் பார்த்த அளவை நம்பவே கூடாது. தண்ணீரில் இறங்கியதும் உடற்கூடு வேறு மாதிரி வளையும். கனமான சாமான்கள் ஏறிய பிறகு, கப்பல் மிதக்கும்போதுதான் கடைசி அளவு. அதுவும் விடிவதற்கு முன். வெயில் ஏறினால் டெக் விரிந்து கப்பலே லேசாக முதுகு வளைக்கும். காலையில் சரியாக இருந்த அளவு மதியம் இருக்காது.

தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜை அதன் விளிம்புத் தட்டில் (ஃபிளாஞ்ச்) வைத்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் எடுங்கள். அடியில் தாங்குகட்டையாக இறுகும் ரெசின் சாக்கை ஊற்றி, அது இறுகியதும் அடிப்போல்ட்டை முறுக்கி, மறுபடியும் எடுக்க வேண்டும். அதன் பிறகு இன்ஜின் அறையில் யாராவது பெரிய வெல்டிங் வைத்தால் எல்லாம் முதலிலிருந்து. இதைச் சொல்லித் தடுக்க ஆள் வேண்டும். தடுக்காவிட்டால் கடலோட்டத்தில் பேரிங் சூடேறிக் காட்டிக்கொடுக்கும்.

*

நீர்மூழ்கியைத் தேடும் இன்னொரு சிறிய கப்பலான அர்னாலாவில் (காட்டுப்பள்ளியில் கட்டி, 2025-இல் கடற்படையில் சேர்ந்தது) வாட்டர்ஜெட், அதாவது தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் முறை. அங்கே கவலை வேறு: தண்ணீர் உள்ளே போகும் வாயில் துறைமுகக் கயிறும் பாலிதீனும் சிக்குவது.

*

கில்தானிலும் கவரத்தியிலும் டெக்குக்கு மேலே எழும் மேற்கட்டு கார்பன் ஃபைபர். உச்சியில் எடை குறைவது பெரிய லாபம். ஆனால் கார்பனும் இரும்பும் ஒட்டி, இடையில் உப்புநீர் புகுந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். இரண்டுக்கும் நடுவே கிளாஸ் ஃபைபர் அடுக்கு வேண்டும், ஒவ்வொரு போல்ட் துளையும் சீல் ஆக வேண்டும். இணைப்புக்குப் பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது, சூட்டில் ரெசின் போய்விடும். கேபிள் தட்டுக்கான பிராக்கெட்டுகளை எல்லாம் மேற்கட்டு வருவதற்கு முன்பே வைத்து முடித்துவிடுங்கள்.

*

கடற்படையில் சேரும் நாள் வேறு, கப்பல் தளம் (யார்டு) கப்பலை ஒப்படைக்கும் நாள் வேறு. கமோர்ட்டாவை 2014 ஜூலை 12 அன்று ஒப்படைத்தார்கள். விசாகப்பட்டினத்தில் ஆகஸ்ட் 23 அன்றுதான் சேர்த்தார்கள். கேப்டன் ஆணையை வாசித்து, கடற்படைக் கொடி ஏறி, கொடிமர உச்சியில் பென்னன்ட் என்ற நீண்ட மெல்லிய கொடி பறக்கும் வரை அது வெறும் யார்டு எண்தான். பென்னன்ட் ஏறினால், கப்பல் ஓய்வுபெறும் நாளில்தான் இறங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் சாய்வுச் சோதனை ஒன்று உண்டு. அவசரத்தில் கெடுப்பது இதைத்தான். தெரிந்த எடையை இடமும் வலமும் நகர்த்தி, ஊசல் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவார்கள். கயிறுகள் தளர்ந்திருக்க வேண்டும், ஏறுபாலத்தை எடுத்துவிட வேண்டும், கப்பலின் அடித்தளக் குழியான பில்ஜ் காய்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு டேங்கும் முழுதாக நிறைந்திருக்க வேண்டும் அல்லது முழுதாகக் காலியாக இருக்க வேண்டும். அரைகுறையாக நிரம்பிய ஒரு டேங்க் தளும்பினால் போதும், அன்றைய அளவு முழுவதும் வீண்.