அமீன்களின் காரத்தன்மை வரிசை: டிரைமெத்தில் அமீன் ஏன் பின்தங்குது?

கேள்வி (பிளஸ் டூ மாணவி):
அமீன்கள்ல (அம்மோனியாவோட ஹைட்ரஜனுக்குப் பதிலா மெத்தில், எத்தில் மாதிரி கார்பன் தொகுதி சேர்ந்தது) மெத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளும், அதனால் நைட்ரஜனின் காரத்தன்மை, அதாவது புரோட்டானை வாங்கும் திறன், கூடும்னு படிச்சோம். அப்படின்னா மூணு மெத்தில் உள்ள டிரைமெத்தில் அமீன்தானே முதல்ல வரணும்? விடைக்குறிப்புல டைமெத்தில் > மெத்தில் > டிரைமெத்தில் > அம்மோனியான்னு இருக்கு. எத்திலுக்குப் போனா டைஎத்தில் > டிரைஎத்தில் > எத்தில். மனப்பாடம் பண்ணினா தேர்வுல குழம்புது. யாராவது காரணம் சொல்லுங்களேன்.

பதில் 1:
நீங்க நினைச்ச வரிசை வாயு நிலைமையில சரி. விடைக்குறிப்பு சொல்றது நீர்க்கரைசலை.

தண்ணீர்ல அமீன் புரோட்டானை வாங்கி நேர்மின் அயனியாகும். அந்த அயனியை ஹைட்ரஜன் பிணைப்பால நிலைப்படுத்துறது சுத்தியிருக்கிற நீர் மூலக்கூறுகள்தான். மெத்தில் அமீன் அயனியில நைட்ரஜன் மேல 3 ஹைட்ரஜன், டைமெத்தில்ல 2, டிரைமெத்தில்ல ஒண்ணே ஒண்ணு. மெத்தில்களோட நெரிசல் வேற. மெத்தில் எலக்ட்ரானைத் தள்ளுற தூண்டல் விளைவு காரத்தன்மையை முன்னே தள்ளுது, நீர் சூழ்ந்து நிலைப்படுத்துற நீரேற்றம் குறையறது பின்னே இழுக்குது. டைமெத்தில்ல ரெண்டும் நல்லா ஒத்துப்போகுது. காரத்தோட வலிமையைக் காட்டுற பிகேபி (pKb) மதிப்புகளைப் பாருங்க: டைமெத்தில் 3.27, மெத்தில் 3.38, டிரைமெத்தில் 4.22, அம்மோனியா 4.75. எண் குறைஞ்சா காரம் வலுவானது.

எத்தில்ல தள்ளுவிசை கொஞ்சம் அதிகம். பாடநூல் அட்டவணையில டிரைஎத்தில் 3.25, எத்தில் 3.29. இந்த மயிரிழை வித்தியாசத்தை வெச்சு கேள்வி கேக்கிறவங்களைத்தான் திட்டணும்!

மாணவி:
நன்றி சார். அப்போ மூவிணைய பியூட்டைல் அமீனும் டிரைமெத்தில் மாதிரி மூவிணையம்தானே, அதுவும் பின்னாடி போகுமா?

பதில் 2:
பேரைப் பார்த்து ஏமாறாதீங்கம்மா, அது ஓரிணைய அமீன். ஆல்கஹால்ல ஹைட்ராக்சில் ஒட்டியிருக்கிற கார்பனைப் பார்த்து வகைப்படுத்துவோம். அமீன்ல நைட்ரஜனோட நேரா எத்தனை கார்பன் சேர்ந்திருக்குன்னு எண்ணணும்: ஒண்ணுன்னா ஓரிணையம், ரெண்டுன்னா ஈரிணையம், மூணுன்னா மூவிணையம். இதுல ஒண்ணுதான், மீதி ரெண்டும் ஹைட்ரஜன். சோதிச்சும் பாக்கலாம்: குளோரோஃபார்ம், ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினா கார்பைலமீன் உண்டாகி அதோட கெட்ட நாற்றம் வரும். ஈரிணைய, மூவிணைய அமீன்கள் அந்தச் சோதனைக்கு அசையாது.

பதில் 3:
சின்ன இடைச்செருகல்: பழைய கடல் மீனோட வாடைக்கு முக்கியக் காரணம் இந்த டிரைமெத்தில் அமீன்தான். எலுமிச்சை பிழிஞ்சா உப்பாகிடும், ஆவியாகாது, வாடை குறையும். பலவீனமான காரம்னு முழுசா ஒதுக்கிடாதீங்க.

மாணவி:
பென்சீன் வளையத்துல அமீன் ஒட்டியிருக்கிற அனிலீனை எங்கே வைக்கிறது?

பதில் 1:
அம்மோனியாவுக்கும் பின்னாடி. பிகேபி 9.38. நைட்ரஜனோட தனித்த எலக்ட்ரான் இரட்டை பென்சீன் வளையத்துக்குள்ள பரவிடுது, புரோட்டானுக்குச் சுலபமா கிடைக்கிறதில்லை. வினாத்தாள்ல முதல்ல "நீர்க்கரைசலில்"னு இருக்கா, "வாயு நிலைமையில்"னு இருக்கான்னு பாருங்க.