பிரஷர் ஏறினால் ரத்தக்குழாய் ஏன் சுருங்குகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் உறுப்பினர்:
கண்புரை இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆத்தாவைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், "ஆச்சி, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார். ஆத்தாவுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் வந்ததில்லை, அதனால் பிரஷர் பார்த்ததும் இல்லை. அங்கேயே பார்த்தால் 180/110. விழித்திரைத் தமனிகள் குறுகி, சுவர் தடித்து, சிரையைக் கடக்கும் இடத்தில் அதை அமுக்குவதைத் திரையில் காட்டினார். அழுத்தம் கூடினால் குழாய் விரியத்தானே வேண்டும்? யாராவது விளக்குங்கள்.

தேவகோட்டை உறுப்பினர்:
நான் உடலியங்கியல் பாடம் எடுப்பவன். ரப்பர் குழாய் என்றால் விரியும். தமனியின் நடு அடுக்கில் இருப்பதோ உயிருள்ள தசை, குழாயைச் சுற்றி வளையமாக. உள்ளிருந்து அழுத்தி இழுத்தால் அது எதிர்த்து இறுகும். 1902இலேயே பெய்லிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இதை விவரித்திருக்கிறார். இழுபடும் செல்லில் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது, தசை சுருங்குகிறது. அடுத்திருக்கும் மெல்லிய தந்துகிகளை அந்த வேகம் தாக்காமல் காக்கும் அருமையான ஏற்பாடு இது.

அழுத்தம் வருடக்கணக்கில் இறங்காவிட்டால்தான் ஆபத்து. சிறு தமனிகளில் தசைச் செல்கள் அந்தச் சுருங்கிய அளவுக்கே தங்களை மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. தசை கூடாமலே உள்வழி குறுகிவிடும். பெரிய தமனிகளில் செல்கள் பருத்து, கொலாஜன் சேர்ந்து, சுவர் விறைத்துப்போகும். உள்விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே ரத்தம் ஓடுவதற்கான தடை சுமார் ஒன்றரை மடங்காகும். தடை கூடக் கூடப் பிரஷர் இன்னும் ஏறும். அம்லோடிபின் மாத்திரை அந்தக் கால்சியம் நுழையும் வழியைத்தான் அடைக்கிறது. பிரஷர் இறங்கிய உடனே சுவர் பழைய நிலைக்கு வந்துவிடாது, ஆகவே தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பள்ளத்தூர் உறுப்பினர்:
எங்கள் அப்பச்சி செய்தது வேறு. சீக்கிரம் குறையட்டும் என்று டாக்டரைக் கேட்காமலே மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டார். முகப்பில் உட்கார்ந்திருந்தவர் எழுந்ததும் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார், நல்லவேளை தூணைப் பிடித்துக்கொண்டார். நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைத் தமனிகளால், அழுத்தம் திடீரென்று விழும்போது தேவையான அளவு விரிந்து கொடுக்க முடியாதாம். படிப்படியாக இறக்கினால் அவையும் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். இப்போது வாராவாரம் வீட்டிலேயே பார்த்து எழுதி வைக்கிறோம்.

கானாடுகாத்தான் உறுப்பினர்:
இருவருக்கும் நன்றி. ஆத்தாவுக்கு மாத்திரை தொடங்கியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. எங்கள் வீட்டில் மோர்மிளகாயும் உப்புக்கண்டமும் இல்லாமல் சோறு இறங்காது. உப்பைக் குறைத்து உப்புக்கண்டம் போட்டால் கெட்டுப்போகும். அதை விட்டவர்கள் பதிலுக்கு என்ன செய்து கொடுத்தீர்கள்?